பில்டு பாதியில் நிற்கிறதா?

1. பிரவுசரில் இணையம் ஓடுகிறது, மேவன் மட்டும் முரண்டு பிடிக்கிறதா? பிரவுசருக்குக் கொடுத்த ப்ராக்ஸி மேவனுக்குத் தெரியாது. உங்கள் ஹோம் போல்டரில் ‘.எம்2’ என்ற போல்டருக்குள் இருக்கும் செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல் ஃபைலில் ப்ராக்ஸி முகவரியையும் போர்ட் எண்ணையும் எழுதுங்கள். ஃபைல் இல்லையென்றால் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம்.

2. கிராடிலில் ஹெச்டிடிபி ப்ராக்ஸிக்குத் தனி வரிகள், ஹெச்டிடிபிஎஸ் ப்ராக்ஸிக்குத் தனி வரிகள். முதல் வகையை மட்டும் எழுதிவிட்டு முழிப்பவர்கள் அதிகம். மேவன் சென்ட்ரல் 2020 ஜனவரி 15 முதல் ஹெச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே ஜார்களைத் தருவதால், உண்மையில் தேவைப்படுவது இரண்டாவது வகைதான்.

3. கடவுச்சொல்லில் @ இருந்தால், என்பிஎம் ப்ராக்ஸி முகவரியில் அதற்குப் பதில் %40 என்று போடவும்.

4. ப்ராக்ஸியைச் சரிசெய்த பிறகும் அதே பிழை வருகிறதா? பதற வேண்டாம். தோற்றுப்போன டவுன்லோடை மேவன் குறித்துவைத்துக்கொண்டு, பொதுவாக ஒரு நாள் வரை மறுபடி முயலாது. கட்டளையோடு ‘-யூ’ (பெரிய எழுத்து) சேர்த்தால் உடனே முயலும். அதற்கும் மசியாவிட்டால், தகராறு செய்யும் அந்த ஒரு லைப்ரரியின் போல்டரை மட்டும் நீக்குங்கள். ரெப்பாசிட்டரி போல்டரையே மொத்தமாக அழிப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான். எல்லாம் புதிதாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது ஒருபுறம். யாரோ தனியாகக் கொடுத்து, நீங்கள் கையால் இன்ஸ்டால் செய்த ஜார்கள் எந்தச் சர்வரிலிருந்தும் திரும்பி வராது.

5. கிராடிலில் ‘--ரெஃப்ரெஷ்-டிபெண்டென்சீஸ்’ போதும். கேஷை அழித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ‘--ஸ்டாப்’ கொடுத்து டீமனை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் சில ஃபைல்கள் நீங்க மறுக்கும்.

6. என்பிஎம் 5 முதல் கேஷ் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. ‘ஃபோர்ஸ்’ போட்டால்தான் அழிக்கவே விடும். பெரும்பாலும் கோளாறு நோட்-மாட்யூல்ஸ் போல்டரில்தான் இருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். லாக் ஃபைலைத் தொடாதீர்கள்.

7. மேவனிலோ கிராடிலிலோ சர்ட்டிஃபிகேட் பிழை வந்தால் எஸ்எஸ்எல் சோதனையை அணைத்துவிடச் சொல்லும் யோசனையைக் காதில் வாங்காதீர்கள். ஆபீஸ் நெட்வொர்க் குழுவிடம் ரூட் சர்ட்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கி, ‘கீடூல்’ கொண்டு ஜாவாவில் சேர்க்கவும்.

8. லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஆபீஸ் ப்ராக்ஸி கிடைக்காது. மேவன் ஃபைலில் ப்ராக்ஸியின் ‘ஆக்டிவ்’ மதிப்பை ஃபால்ஸ் ஆக்கினால் போதும். மற்ற வரிகள் அப்படியே இருக்கட்டும்.