பெரும்பண்ணைகளுக்கு ஏற்ற புல்லறுக்கும் கருவிகளைத் தெரிந்தெடுத்தல்

நாற்பது ஐம்பது ஏக்கர் நிலத்தை ஒரே கையில் வைத்துச் சாகுபடி செய்யும் நிலச்சுவான்தார்களுக்குப் புல் முன்னாளில் பெருங்கவலையாக இருந்ததில்லை. மாடுகள் மேய்ந்தது போக மிஞ்சியதை ஆட்கள் அரிவாளால் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோவது வழக்கம். இக்காலத்தில் பல ஊர்களில் ஆள் அகப்படுவதும் அருமை. உழவு மாடுகளும் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆகவே யந்திரம் வாங்கும் எண்ணம் பலருக்கும் உண்டாகிறது. கண்காட்சிக்குச் சென்று, எது அதிகமாக வெட்டும் என்று விசாரித்து, பார்வைக்குப் பெரிதாயிருப்பதை வாங்கி வருகிறவர்கள் உண்டு. அடுத்த மழைக்குப் பின் அந்த யந்திரம் கொட்டகையில் துருவேறிக் கிடக்க, வரப்புப் புல்லை மறுபடியும் அரிவாளே அறுக்கிறது. கேள்வி முறை மாறிக் கேட்கப்படுவதே இந்த நஷ்டத்துக்குக் காரணம். யந்திரத்தின் வேகத்தையும் குதிரைத்திறனையும் பற்றி விசாரிப்பதற்கு முன், அறுபட்ட புல் எங்கே போகப்போகிறது என்பதை நிச்சயித்துக்கொள்ளவேண்டும்.

அது மாட்டின் வாய்க்குப் போகலாம். அல்லது விழுந்த இடத்திலேயே மண்ணுக்கு மூடாக்காகலாம். இவ்விரண்டுக்கும் வெட்டும் முறையே வேறு. கத்தரிக்கோல் போல இரு அலகுகளுக்கிடையில் தண்டை நறுக்கும் யந்திரங்கள் ஒரு வகை. முக்கோணக் கத்திகள் வரிசையாகத் தைக்கப்பட்ட சட்டம் ஒன்று, விரல்கள் போன்ற காப்புகளினூடே இடமும் வலமுமாக விரைந்து ஓடும். 1833ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓபெட் ஹஸ்ஸி என்பவர் உரிமை பெற்ற கதிரறுக்கும் யந்திரத்தில் இருந்த தத்துவம் இதுவே. இன்று நெல்லறுத்து ஒரு பக்கமாகச் சாய்த்துச் செல்லும் சிறு அறுவடை யந்திரங்களிலும் இதைக் காணலாம். இம்முறையில் புல் முழுத்தாளாகச் சாய்ந்து விழும். வாரிக் கட்டுவது சுலபம். குறைந்த விசையே போதும். ஆனால் கல் பட்டால் கத்தி முறியும்; பின்னிப் படுத்த புல்லில் சட்டம் அடைத்துக்கொள்ளும்.

மற்றொரு வகை, வேகத்தால் அடித்து வெட்டுவதாகும். டிராக்டரின் பின்னால் பூட்டும் ஸ்லாஷரும், தோளில் மாட்டும் பிரஷ் கட்டரும் இவ்வகையின. இவற்றுள் ஸ்லாஷர் புல்லைத் துண்டு துண்டாகச் சிதைத்து, தூசியும் மண்ணும் கலந்து பரப்பிவிடும். மூடாக்குக்கு அதுவே அனுகூலம். தீவனத்துக்கு அதுவே பிரதிகூலம். புல்தரைகளுக்கென 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் அமைத்த உருளை யந்திரத்தின் வழிவந்தவை இன்றும் கடைகளில் உள்ளன. அவை பங்களா முற்றத்துக்கு உரியவை. பண்ணைக்கு அவற்றைப் பற்றி யோசிக்கவேண்டியதில்லை.

இனி ஒரு பண்ணையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சிக்கும் காங்கயத்துக்கும் இடையில் 40 ஏக்கர். அதில் 25 ஏக்கர் தென்னை, 8 ஏக்கர் மா, 1 ஏக்கர் கம்பு நேப்பியர், எஞ்சியது கொறங்காடும் வரப்புகளும் ஓடைக்கரையும் என்று வைத்துக்கொள்ளலாம். 10 கறவை மாடுகள் இருப்பதாகவும் கொள்வோம்.

தென்னந்தோப்பு

தென்னையை 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்டிருந்தால் ஒரு மரத்துக்கு உரிய நிலம் 625 சதுர அடி. மரத்தைச் சுற்றி 6 அடி ஆரமுள்ள வட்டப்பாத்தி 113 சதுர அடியைக் கொள்ளும். இரு வரிசைப் பாத்திகளுக்கிடையில் யந்திரம் ஓடக்கூடிய அகலம் 13 அடி. 5 அடி அகலமுள்ள ஸ்லாஷர் மூன்று முறை சென்றால் இந்த அகலம் தீர்ந்துவிடும். ஒரே திசையில் மட்டும் ஓட்டினால் தோப்பில் பாதிக்குச் சற்று மேல், அதாவது 100க்கு 52 பங்கு வெட்டப்படும். குறுக்காகவும் ஓட்டினால் 100க்கு 77 பங்கு வெட்டப்படும். ஆனால் இரு திசைகளும் சந்திக்கும் இடங்களில் வெட்டியதையே திரும்ப வெட்டவேண்டியிருப்பதால், டீசல் செலவு இரட்டிப்பாகும். கூடுதலாகக் கிடைப்பதோ 25 பங்கு மட்டுமே. ஆகையால் ஒரு முறை கிழக்கு மேற்காகவும், அடுத்த முறை தெற்கு வடக்காகவும் மாற்றி ஓட்டுவது சிலாக்கியம். பாத்திகளுக்குள் யந்திரத்தைக் கொண்டுபோகவேண்டாம். மட்டைகளையும் உரிமட்டைகளையும் அடுக்கி மூடினால் புல் தானே அடங்கும். மூலைகளில் மிஞ்சுவது 100க்கு 5 பங்கு. 25 ஏக்கரில் ஒன்றேகால் ஏக்கர். அது பிரஷ் கட்டருக்கு உரிய வேலை.

ஸ்லாஷரின் வேலையளவைக் கணக்கிடுவது எளிது. வெட்டும் அகலத்தை மீட்டரிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, பத்தால் வகுத்தால் மணிக்கு இத்தனை ஹெக்டேர் என்று வரும். 5 அடி என்பது 1.5 மீட்டர்; வேகம் 4 கிலோமீட்டர்; ஆகவே 0.6 ஹெக்டேர். திரும்புதல், மேற்கவிதல், மட்டைகளை விலக்குதல் ஆகியவற்றுக்காகக் கால்பங்கு கழித்தால் 0.45 ஹெக்டேர், சுமார் 1.1 ஏக்கர். 25 ஏக்கர் தோப்பில் ஒரு திசையில் ஓட்டவேண்டிய பரப்பு 13 ஏக்கர். அது 12 மணி நேர வேலை. விற்பவர் சொல்லும் அளவு கால்பங்கு கழிக்காத அளவாகவே பெரும்பாலும் இருக்கும்.

அடி ஒன்றுக்கு ஏறக்குறைய 5 குதிரைத்திறன் என்பது ஸ்லாஷருக்குப் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. 5 அடிக்கு 25 குதிரைத்திறன் ஆகிறது. புல் தடித்து ஈரமாயிருந்தால் இன்னும் வேண்டும். கையிலுள்ள டிராக்டர் சிறிதாயின் அகலத்தைக் குறைப்பதே உசிதம். கத்திகள் விறைப்பாகப் பிணைக்கப்படாமல், தடை பட்டால் பின்னுக்கு மடங்கும்படி தொங்கவிடப்பட்டிருக்கவேண்டும். தென்னந்தோப்பில் பழைய அடிக்கட்டைகள் இல்லாத இடமில்லை. சொட்டுநீர்க் குழாய்கள் வரிசைக்குக் குறுக்கே போடப்பட்டிருந்தால், ஸ்லாஷர் வாங்குமுன் அவற்றைப் புதைக்க வழிசெய்யவேண்டும். வெட்டும் உயரம் 4 அங்குலத்துக்குக் குறையலாகாது. தரையை ஒட்டி வெட்டினால் கத்தி மண்ணை வாரி மழுங்கும். வெறுந்தரையில் கோரையும் பார்த்தீனியமும் முந்திக்கொண்டு முளைக்கும்.

தீவனப் பாத்தி

பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுவே. கம்பு நேப்பியரை நட்ட 75 முதல் 80 நாளில் முதல் முறையும், பின்னர் 45 நாளுக்கு ஒரு முறையும் அறுக்கவேண்டும். 1 ஏக்கரை 45 நாளாகப் பங்கிட்டால் நாளொன்றுக்கு இரண்டேகால் சென்ட்டுக்கும் குறைவே. மாடு ஒன்றுக்குப் பச்சைத் தீவனம் 25 முதல் 30 கிலோ என்றால், 10 மாடுகளுக்கு வேண்டிய 300 கிலோவை நன்றாகப் பராமரித்த 2 சென்ட்டு நிலமே தந்துவிடும். இந்த 2 சென்ட்டை அறுக்க டிராக்டரை வெளியே எடுப்பது வீண். கருக்கரிவாளோ, பல் வைத்த வட்டத்தகடு பூட்டிய பிரஷ் கட்டரோ போதும். ஊறுகாய்ப் புல்லுக்காக ஒரே சமயத்தில் ஏக்கர் கணக்காக அறுக்கும்போது மட்டும் பெரிய யந்திரத்தை வாடகைக்கு அமர்த்தலாம்.

நைலான் கயிறு சுழலும் தலை 1971இல் ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் பாலஸ் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. வேலியோரத்துக்கும் மரத்தடிக்கும் அது உகந்தது. தீவனப் புல்லுக்கு அதை ஒருபோதும் உபயோகிக்கலாகாது. கயிறு தேயத் தேய அதன் துணுக்குகள் புல்லில் கலக்கும். அதனினும் கொடியது வேலிக்கம்பி. யந்திரத்தில் அகப்பட்டுச் சிறு துண்டாகிய கம்பியைப் புல்லோடு விழுங்கும் மாட்டுக்கு, அது இரண்டாம் இரைப்பையில் தங்கி, சுவரைத் துளைத்து, இருதயப் பை வரையில் சென்று உயிரைக் கொள்ளக்கூடும். அரிவாளால் அறுப்பவன் கம்பியைக் கண்டு விலக்குவான். யந்திரத்துக்குக் கண் இல்லை. தீவனப் பாத்தியைச் சுற்றிலும் அறுந்த கம்பிகளைப் பொறுக்கிய பின்னரே யந்திரத்தை உள்ளே விடவேண்டும்.

வேலிமசாலும் இருந்தால், அதைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் அறுக்கவேண்டியிருப்பதால் அரிவாளே ஏற்றது.

மாந்தோப்பு, கொறங்காடு, கரைகள்

மாந்தோப்பில் தாழ்ந்த கிளைகளுக்கடியில் டிராக்டர் நுழையாது. நடந்து தள்ளும் சிறு யந்திரம் நல்லது. சரிவான நிலமாயின் உழுவதைவிடப் புல்லை வெட்டி விடுவதே மண்ணைக் காக்கும். சரிவுக்குக் குறுக்கே சக்கர யந்திரங்களை ஓட்டுவது கவிழ்வதற்கு இடமாகும்.

கொறங்காட்டுக்கு யந்திரமே வேண்டாம். கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரங்களும், கிளுவை வேலியும் சேர்ந்த அந்த மேய்ச்சல் நிலத்தில் கால்நடையே அறுக்கும் கருவி. விதை உதிர்வதற்குச் சிறிது அவகாசம் கொடுத்து, பட்டி மாற்றி மேய்த்தால் போதுமானது. ஊடே தலைகாட்டும் சீமைக்கருவேல் கன்றுகளை வேரோடு பிடுங்கவேண்டும். வெட்டினால் அடியிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும்.

வரப்புகளிலும் ஓடைக்கரையிலும் புல்லைச் செதுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. செதுக்கினால் ஒரு மாதத்துக்குச் சுத்தமாயிருக்கும். பெருமழையில் கரை கரையும். நான்கு விரற்கடை விட்டு அறுப்பதே முறை. ஊராட்சிப் பொறுப்பிலுள்ள ஏரிக்கரைகளுக்கும் இது பொருந்தும். மழைக்காலத்துக்கு முன் மண்வாரி யந்திரத்தால் கரைப்புல்லை வழித்தெடுப்பதற்குக் கிராம அதிகாரிகள் இடங்கொடுத்தால், பின்னர் அதே கரைக்கு மண் மூட்டைகளைச் சுமக்க நேரிடும்.

1955இல் பூனாவில் காணப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்தைப் பூத்தபின் யந்திரத்தால் அடித்தால் விதை நிலமெங்கும் இறையும். அறுப்பவருக்குத் தோல் தடிப்பும் மூச்சுத் திணறலும் வரக்கூடும். பூக்குமுன் ஈரத்தில், கையுறையுடன், வேரோடு எடுப்பதே உத்தமம்.

வாங்குவதா, வாடகைக்கு அமர்த்துவதா

தேய்மானம், வட்டி, பழுது ஆகிய மூன்றையும் சேர்த்து ஆண்டொன்றுக்கு யந்திரத்தின் கிரயத்தில் ஐந்தில் ஒரு பங்கு செலவு என்று கொள்ளலாம். கணக்குக்காகக் கிரயம் ரூ. 1,00,000 என்றால் ஆண்டுக்கு ரூ. 20,000. தென்னந்தோப்பில் ஆண்டுக்கு மூன்று முறை, முறைக்கு 12 மணி வீதம் 36 மணி நேரமே அந்த ஸ்லாஷர் ஓடுமாயின், டீசலும் ஓட்டுநர் கூலியும் நீங்கலாக மணிக்கு ரூ. 555 விழும். ஊரில் ஸ்லாஷருக்கு மட்டும் கேட்கும் வாடகை இதற்குக் குறைவாயின் வாங்குவது வீண்செலவு. அடுத்தடுத்த மூன்று பண்ணையார்கள் கூடி வாங்கினால் செலவு மூன்றிலொன்றாகும். ஆனால் மழைக்குப் பின் மூவருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படும் என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்ளாவிடில் நட்புக் கெடும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் வாடகை யந்திரங்களையும் மானியத்தையும் பற்றி விசாரித்த பின்னரே முன்பணம் கொடுக்கவேண்டும்.

மேற்படி பண்ணைக்கு முதலில் வாங்கத்தக்கவை இரண்டு பிரஷ் கட்டர்களும் நல்ல அரிவாள்களுமே. ஸ்லாஷரை ஓராண்டு வாடகைக்கு அமர்த்திப் பார்த்துப் பின்பு முடிவு செய்யலாம்.

எந்த யந்திரமாயினும் கடை வாசலில் ஓட்டிக் காட்டுவதை ஒப்புக்கொள்ளாமல், சொந்த நிலத்தில், முழங்கால் உயரப் புல்லில் ஓட்டிப் பார்க்கவேண்டும். மாற்றுக் கத்திகள் பக்கத்து நகரத்தில் கிடைக்கின்றனவா என்று அறிந்துகொள்ளவேண்டும். பிரஷ் கட்டர் ஓடும்போது 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கலாகாது. ஸ்லாஷரின் பின்புறத்தில் கல் தெறிப்பதைத் தடுக்கும் சங்கிலித்திரையும், டிராக்டரின் சுழல்தண்டுக்கு மூடியும் இல்லாவிடில் இனாமாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம். அந்தத் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்றுவது. வேட்டியின் ஓரம் பட்டால் ஆளை இழுத்துக்கொள்ளும். கத்தி கட்டையில் மோதினால் தானே முறிந்து பற்சக்கரப் பெட்டியைக் காக்கும் சிறு போல்ட்டு ஒன்று பல ஸ்லாஷர்களில் உண்டு. அது அடிக்கடி முறிகிறதென்று அதைவிடக் கெட்டியான போல்ட்டைப் போடும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அடுத்த மோதலில் போல்ட்டுக்குப் பதிலாகப் பெட்டியே உடையும். ஆகையால் அதே அளவும் தரமுமுள்ள போல்ட்டுகள் அரை டஜன் யந்திரத்தோடு சேர்த்தே வாங்கி, ஓட்டுநரின் கருவிப் பையில் வைத்திருக்கவேண்டும்.