இடக்கை கற்பிக்கும் பாடம்

காரில் செல்பவருக்கு மிதிவண்டி, வழியை அடைக்கும் தடை. மிதிவண்டியில் செல்பவருக்குக் கார், உயிரை அச்சுறுத்தும் பகை. இருவரும் வாகனத்தையே காண்கின்றனர். அதனுள் இருக்கும் மனிதரைக் காண மறக்கின்றனர். இந்த மறதியே சாலைப் பகைமையின் வேர்.

இப்பகைமை வளர்ந்த நாடுகளுள் பிரிட்டனும் ஒன்று. அங்கே 2022 ஜனவரி 29-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட சாலை விதித் தொகுப்பு ஒரு நெறியை வகுத்தது: பிறருக்கு அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடியவருக்கே ஆபத்தைக் குறைக்கும் பொறுப்பும் அதிகம். மிதிவண்டியை முந்தும் கார், மணிக்குச் சுமார் 48 கி.மீ. வேகம் வரை குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும்; வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். இதனால் மிதிவண்டி ஓட்டுபவரின் கடமை நீங்கிவிடவில்லை. சிவப்பு விளக்கு அவருக்கும் உரியதே. எனினும் வலிமை மிகுந்தவருக்கே அடக்கம் முதற்கடமை.

அத்தொகுப்பில் எளிய பயிற்சி ஒன்றும் உண்டு. காரை நிறுத்திய ஓட்டுநர், கதவை அதன் அருகிலுள்ள வலக்கையால் திறவாமல் இடக்கையால் திறக்க வேண்டும். அப்போது உடல் தானே திரும்புகிறது. பின்னால் மிதிவண்டியில் வருபவர் கண்ணில் படுகிறார். நம் நாட்டிலும் ஓட்டுநரின் இருக்கை வலப்புறமே என்பதால் இப்பயிற்சி நமக்கும் அப்படியே பொருந்தும்.

‘பிறரை நேசி’ என்று கட்டளையிட்டால் மனம் உடனே பணிவதில்லை. கையைப் பழக்கினால் கண் திரும்பும். கண் கண்டவரை மனம் மெல்ல ஏற்கும். நல்லெண்ணம் பிறக்கட்டும் என்று காத்திராமல் நற்பழக்கத்தை இன்றே தொடங்கலாம்.