பிறக்கப்போகும் உயிரின் பக்கம் நின்று

அன்புள்ள முகிலனுக்கு,

அத்தை எழுதுவது. "ஆட்டையும் நாயையும் குளோனிங்கில் உருவாக்கலாமென்றால், மனிதனை உருவாக்குவதில் மட்டும் என்ன தப்பு?" என்று கேட்டிருந்தாய். பேச்சுப் போட்டிக்கென்று நீ கேட்டாலும், பரிசு கிடைத்ததும் மறந்துவிடக்கூடிய கேள்வியில்லை இது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் இயன் வில்மட், கீத் கேம்ப்பெல் குழுவினர் ஆறு வயது ஆட்டின் மடியிலிருந்து உயிரணுக்களை எடுத்தார்கள். உட்கரு நீக்கிய கருமுட்டைகளோடு அவற்றை மின்துடிப்பு கொடுத்து இணைத்தார்கள். இணைந்தவை 277, கருவாக வளர்ந்தவை 29. அவற்றை 13 ஆடுகளின் வயிற்றில் வைத்தார்கள். 1996 ஜூலை 5 அன்று உயிரோடு பிறந்தது டாலி என்ற ஒரே குட்டி. சுமந்து ஈன்ற ஆட்டுக்குக் கறுப்பு முகம், குட்டிக்கு வெள்ளை முகம். அது வேறோர் ஆட்டின் வாரிசு என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

2005இல் தென்கொரியாவில் ஸ்னப்பி என்ற நாய் இப்படிப் பிறந்தது. அதற்காக 1,095 கருக்களை 123 பெட்டை நாய்களுக்குள் வைத்தார்கள். பிறந்தவை இரண்டு, அதில் ஒன்று மூன்று வாரத்தில் நிமோனியாவால் இறந்துபோனது. நாம் படத்தில் பார்ப்பது ஸ்னப்பியை. நியாயம் பேசும்போது அந்த 123 நாய்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வலியைத் தாங்கியவை அவைதானே!

இதற்காகக் குளோனிங்கே கூடாது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கப் புல்வெளிகளில் கருங்கால் ஃபெரெட் என்று கீரியைப் போன்ற ஒரு விலங்கு உண்டு. அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட அந்த இனம் முழுக்க ஏழே விலங்குகளின் வழிவந்தது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் நோய் எதிர்ப்பு குறையும். 1988இல் உறையவைத்த வேறொரு ஃபெரெட்டின் உயிரணுவிலிருந்து 2020இல் ஒரு குட்டியை உருவாக்கியது அதற்காகத்தான். அந்த முயற்சியின் பலன் அந்த இனத்துக்கே போகிறது.

செத்துப்போன செல்ல நாயைத் திரும்பத் தருகிறோம் என்று பணம் வாங்குவது வேறு கதை. 2001இல் அமெரிக்காவின் டெக்சஸில் மூவண்ணப் பூனை ஒன்றை குளோனிங் செய்தார்கள். பிறந்த குட்டியின் உடம்பில் ஆரஞ்சு நிறமே இல்லை. பெண் பூனையின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிவிடும். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு இருப்பது அந்த எக்ஸில்தான். குட்டிக்கு மூலமான உயிரணுவில் ஆரஞ்சுப் பக்கம் அடங்கிக் கிடந்தது. மரபணு ஒன்றாக இருந்தும் ரோமத்தின் நிறம்கூட ஒத்துவரவில்லை. குணமும் நினைவும் எப்படித் திரும்பி வரும்?

இனி மனிதனுக்கு வருவோம். சீனாவில், முழு வளர்ச்சியடைந்த குரங்கின் உயிரணுக்களைக் கொண்டு குளோனிங் செய்து, 42 குரங்குகளுக்குள் கருவை வைத்தார்கள். பிறந்த இரண்டு குட்டிகளும் பிழைக்கவில்லை. கருவிலிருந்து எடுத்த உயிரணுக்களைப் பயன்படுத்தியபோதுதான் இரண்டு குட்டிகள் தங்கின. இதெல்லாம் வெளியானது 2018இல். இதே சோதனையைப் பெண்களின் வயிற்றில் செய்து பார்க்க எந்த மருத்துவருக்கு மனம் வரும்? மனித குளோனிங்கைத் தடைசெய்யும்படி 2005இல் ஐ.நா. பொதுச்சபை 84க்கு 34 என்ற வாக்குகளில் தீர்மானம் நிறைவேற்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறைகளும் குளோனிங்கில் குழந்தை பெறுவதை அனுமதிப்பதில்லை.

நாளைக்கே ஆபத்தில்லாமல் செய்ய முடிந்தாலும் என் மறுப்பு மாறாது. இறந்த மகனுக்குப் பதிலாக ஒரு பிள்ளையை உருவாக்கினால், அவன் யாராக இருக்க வேண்டும் என்பதை அவன் பிறக்கும் முன்பே பெற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். அண்ணன் பாடினான், நீ ஏன் பாடவில்லை என்ற கேள்வி வாழ்நாள் முழுக்க அவனைத் துரத்தும். தன் வாழ்க்கையைத் தானே கண்டுபிடிக்கும் உரிமை எந்தக் குழந்தைக்கும் உண்டு.

மேடையில் பேசும்போது ஒன்றை மறந்துவிடாதே. குளோனிங்கில் பிறப்பவர்கள் போலி மனிதர்கள் என்று ஒருபோதும் சொல்லாதே. ஒரே மரபணுவோடு பிறக்கும் இரட்டையரை நாம் அப்படிச் சொல்வதில்லையே. என்றைக்காவது அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அதற்கும் உனக்குள்ள அத்தனை உரிமையும் உண்டு. எதிர்க்க வேண்டியது அந்தச் செயலைத்தான், அந்தக் குழந்தையை அல்ல.

அன்புடன்,
அத்தை