இன்பாக்ஸ் வரை யார் வரலாம்?

அன்புள்ள தம்பிக்கு,

பெங்களூரில் ஒரு சமூக வலைதள நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் பொறியாளராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னார். உன் ஊரான தொண்டூரே பேசிக்கொள்கிறதாம். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் பிள்ளைகள் பக்கம் நிற்கிற வக்கீல் நான் என்பதால் எனக்கு ரெட்டைச் சந்தோஷம். அதனால்தான் கேட்காமலேயே எழுதுகிறேன்.

போனதும் உனக்குத் தப்பான படங்களைக் கண்டுபிடிக்கும் கருவியைத்தான் காட்டுவார்கள். 2009-ல் மைக்ரோசாஃப்டும் பேராசிரியர் ஹனி ஃபரீதும் சேர்ந்து உருவாக்கிய ஃபோட்டோ டிஎன்ஏ அந்த வகைதான். குழந்தையைச் சீரழித்து எடுத்த படம் ஒருமுறை அடையாளம் காணப்பட்டால் அதை எண்களாக மாற்றி வைத்துக்கொண்டு, அதே படம் மறுபடி எங்கே ஏறினாலும் பிடித்துவிடும். நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பிடிப்பது நடந்து முடிந்துவிட்ட கொடுமையின் நகலை. காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையத்துக்கு 2023-ல் வந்த புகார்கள் 3.62 கோடி. அதில், பிள்ளைகளிடம் ஆசை காட்டியோ மிரட்டியோ வலையில் இழுப்பது பற்றியவை 1.86 லட்சம் சொச்சம்தான். குற்றம் அவ்வளவு அபூர்வம் என்று நான் நம்பவில்லை. படம் இயந்திரத்தின் கண்ணில் படுகிறது, பேச்சு தப்பிவிடுகிறது.

தப்பாமல் என்ன செய்யும்? நம் பக்கத்தில் அந்தப் பேச்சு எப்படித் தொடங்கும் என்று உனக்குத் தெரியும். "சாப்டியா?" "எத்தனாவது படிக்கிற?" "ஃபோன் யாருது, அம்மாவுதா?" "எத்தன மணிக்குத் தூங்குவாங்க?" "படிச்சிட்டு டெலிட் பண்ணிடு." ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. முதல் கேள்வி எல்லோரும் கேட்பது. மூன்றாவதில்தான் ஆள் வெளிப்படுகிறான், ஃபோன் யார் கையில் இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அதைக் கேட்கிறான். கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து ஆபாசச் சொற்களுக்குப் பட்டியல் போடுகிறவருக்கு இது எந்தக் காலத்திலும் சிக்காது. நீ அந்த மேசையில் இருப்பதற்குக் காரணம் இதுதான். பட்டியலை நீட்டிக்கொண்டே போகாதே, கேள்விகள் வரும் வரிசையைப் பார். ஒரே ஆள் ஒரே வாரத்தில் முன்பின் தெரியாத எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கு "ஹாய்" போட்டிருக்கிறான் என்று பார். அதற்கு மெசேஜைத் திறந்து படிக்கவேகூட வேண்டாம். வாட்ஸ்அப் போல மறையாக்கம் செய்த இடத்திலும் இந்த வழி ஓடும்.

அடுத்து, ஒன்றில் பிடிவாதமாக இரு: பிள்ளைகளிடம் அந்நியர் வரும் எந்தக் கதவும் முதலிலேயே சாத்தியிருக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் 2010-ல் வந்தது. தங்களை ஃபாலோ செய்யாத பதின்வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது என்ற விதி 2021 மார்ச்சில் வந்தது. புதிதாகச் சேரும் பதினாறு வயதுக்குட்பட்டவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆக இருக்கும் என்பது அதே வருஷம் ஜூலையில். இது நிலாவுக்கு ராக்கெட் விடுகிற வேலையா? ஒரு சுவிட்சை இந்தப் பக்கம் தள்ளுவது. பதினோரு வருஷம் அதைத் தள்ள யாருக்கும் தோன்றவில்லை என்று நான் நினைக்கவில்லை. பிரைவேட் கணக்கு அதிகமானால் பார்க்கிற கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் விளம்பரக் காசு குறையும். மீட்டிங்கில் "என்கேஜ்மென்ட் அடிபடும்" என்று யாராவது சொல்லும்போது இந்தக் கணக்கு உன் மனதில் ஓடட்டும்.

நம் செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் தெரியாத ஆள் ஒரு சிறுமியிடம் நின்று பேசினால், ஆடு விற்கிறவரே "யாருப்பா நீ?" என்று கேட்பார். உங்கள் ஆப்பில் அப்படிக் கேட்க ஆளில்லை. அது போகட்டும், "இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று நிறுவனமே அறிமுகம் செய்து வைக்கிறது. 2023 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து காட்டியதும் ஏறக்குறைய இதைத்தான்: குழந்தைகள்மீது இச்சை கொண்டவர்களை இன்ஸ்டாகிராமின் பரிந்துரை அமைப்பே ஒருவரோடொருவர் கோத்துவிட்டிருந்தது. நம் பக்கத்தையே எடுத்துக்கொள். 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டைக்கு யுனெஸ்கோ அந்தஸ்து கிடைத்தது. அந்தக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் சீருடையோடு ரீல்ஸ் எடுக்கும் பிள்ளைகளை நீயும் பார்த்திருப்பாய். பேட்ஜில் பள்ளியின் பெயர், வீடியோவில் லொகேஷன். அந்த ரீலை யார் முன்னால் கொண்டுபோய்ப் போடுவது என்று முடிவெடுப்பது பெற்றோரா?

பெற்றோர் கண்காணிக்கட்டும் என்று உன் அலுவலகத்தில் சொல்லுவார்கள். கண்காணிக்க வேண்டியதுதான். கொரோனாவில் ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கி ஃபோன் வாங்கிக் கொடுத்த அம்மாவுக்கு அதில் செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொடுத்தது யார்?

தடை போட்டால் தீரும் என்பாரும் உண்டு. 2019 ஏப்ரல் 3-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, குழந்தைகளைக் காரணம் காட்டி டிக்டாக்கைத் தரவிறக்கத் தடை விதிக்கச் சொன்னது. அதே மாதம் 24-ல் நிபந்தனையோடு தடை விலகியது. மறு வருஷம் வேறு காரணத்துக்காக மத்திய அரசே அந்த ஆப்பை எடுத்துவிட்டது. பிள்ளைகள் ரீல்ஸுக்குப் போனார்கள், அவர்களைத் தேடுகிறவர்களும் பின்னாலேயே போனார்கள்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் கடிதம் முடிக்க முடியாது. 2020-ல் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான வழக்கு ஒன்று, ஃபோனில் குழந்தைகளைச் சீரழித்து எடுத்த படங்களை வைத்திருந்தது பற்றியது. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவைத் தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்பில் உங்கள் நிறுவனத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. படத்தை நீக்கினால் மட்டும் போதாது, போக்சோ சட்டப்படி இங்குள்ள காவல்துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பைக் கோர முடியாது.

நீக்குவது பற்றி இன்னொன்று. கணக்கை முடக்கியதும் வேலை முடிந்தது என்று உங்கள் பிரிவில் கணக்குக் காட்டுவார்கள். அவன் வேறு சிம்மில் வேறு ஐடி திறப்பான். இங்கே பிள்ளை சாட்சிக் கூண்டில் நிற்கும்போது அந்த மெசேஜ்கள் இருக்காது. நீக்கியதை 180 நாள் பாதுகாத்து வைக்க 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. பயந்துபோன பிள்ளை வாய் திறக்கவே அதற்கு மேல் ஆகும். பிள்ளைகள் சம்பந்தப்பட்டவற்றைக் கூடுதல் காலம் பத்திரமாக வைக்கச் சொல்லி நீயே ஒரு குறிப்பு எழுதிக் கொடு.

சேர்ந்த முதல் வாரமே, அனுமதி வாங்கிக்கொண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளை பெயரில் ஒரு சோதனைக் கணக்கு திறந்து தமிழில் புகார் கொடுத்துப் பார். எத்தனை திரை தாண்ட வேண்டியிருக்கிறது, பதில் எந்த மொழியில் வருகிறது, வருகிறதா என்று எனக்கு எழுது. கம்பெனி ரகசியம் என்றால் எனக்கு வேண்டாம், உன் மேலதிகாரிக்கு எழுது.

அன்புடன்,
உன் ஊர்ப்பக்கத்து வக்கீல் அக்கா