மனு எந்த மேசைக்குப் போகிறது?

ஜி.எஸ்.டி. கவுன்சிலில் விவாதம் நடக்கும் முறை தெரிந்தால்தான் நம் மனுவுக்குப் பலன் உண்டு.

கவுன்சிலுக்கு மத்திய நிதியமைச்சர் தலைவர். மாநில அமைச்சர்கள் உறுப்பினர்கள். மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. ஓட்டெடுப்பில் தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே மத்திய அரசு ஒப்பாமல் எதுவும் நடவாது. அது தனியாகவும் சாதிக்க முடியாது.

ஆனால் விஷயம் அலசப்படுவது அதற்கு முன்பே. வரி விகிதம் என்றால் அதிகாரிகள் கொண்ட பிட்மெண்ட் கமிட்டி. சட்டம், விதி, ரிட்டர்ன் என்றால் லா கமிட்டி. பெரிய விஷயங்களுக்கு அமைச்சர்கள் குழு. லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு பாக்கெட்டுகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி வந்ததே, அது அமைச்சர்கள் குழுவின் பரிந்துரை. ஜூன் மாதம் சண்டிகரில் கூடிய 47-வது கூட்டம் ஏற்றது.

நம்மவர்களோ பருப்பு வரி, தாமதக் கட்டணம், இ-வே பில் மூன்றையும் ஒரே தாளில் எழுதுகிறார்கள். (கடைசியில் நடைபாதைக் கடை விவகாரம் வேறு!) அதை எந்தக் குழுவுக்கு அனுப்புவது? ஒரு தாளுக்கு ஒரு விஷயம் எழுதுங்கள். வரி பற்றியதானால் சரக்கின் எச்.எஸ்.என். எண்ணைத் தலைப்பிலேயே போடுங்கள். கவுன்சிலில் நம் மாநிலத்துக்காகப் பேசும் அமைச்சருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.