கொங்கு வழிபாட்டு மரபில் உடற்குறை: பழியும் நேர்த்தியும்

உடற்குறை யாருடைய பிழையால் நேர்கிறது என்னும் வினாவிற்குச் சமய மரபு தரும் விடை, குறையுடையோரை ஊர் நடத்தும் முறையிலும் வெளிப்படுகிறது. மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் தொன்மத்தில், களிமண்ணால் மனித உடலை வனையும் ஒபாத்தலா என்னும் தெய்வம் கள்மயக்கத்தில் சில உடல்களைப் பிறழ வனைந்துவிடுகிறது. ஆதலின் அவ்வுடலினர் அத்தெய்வத்திற்குரியோராகக் கருதப்படுகின்றனர். பிழை படைத்தவருடையது, பிறந்தவருடையதன்று.

தமிழ் மரபில் இவ்வினாவிற்கு ஒரே விடை இல்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல் குருடு, கூன், குறள், ஊமை, செவிடு உள்ளிட்ட எட்டனையும் பயனற்ற எச்சங்களாகத் தொகுக்கிறது. திருக்குறளின் 618ஆம் பாவோ பொறியின்மை பழியன்று என்கிறது. பரிமேலழகர் ‘பொறி’ என்பதற்கு விதி எனப் பொருள் கொண்டார். இக்கால உரையாசிரியருள் சிலர் உறுப்பு எனக் கொள்வர். இரண்டாவது பொருளை ஏற்பின், புறப்பாடல் ஒதுக்கிய உடலை வள்ளுவர் பழியினின்று விடுவிக்கிறார் எனலாம். ஒரு சொல்லின் உரைவேறுபாடு இவ்வளவு தொலைவு செல்வது நோக்கத்தக்கது.

கொங்கு வட்டார வழக்காறு நூல்வழி விவாதத்திற்கு வெளியே நிற்கிறது. பெரியம்மை பலரின் பார்வையைப் பறித்த காலத்திலும் அந்நோய் ‘அம்மை’ என்றும், கொப்புளம் ‘முத்து’ என்றுமே வழங்கின. நோய் தாயின் வருகையாயின், பார்வை இழந்தவர் வினைப்பயன் நுகர்பவர் அல்லர், அம்மன் தீண்டியவர். மாரியம்மன் கோயில்களில் கண்மலரும் கைகால் உருவத் தகடுகளும் காணிக்கையாவது இதன் தொடர்ச்சியே. உடுமலைப்பேட்டையை அடுத்த சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலையொட்டிக் கால்நடைகளின் நலன்வேண்டி மண் உருவாரங்கள் வைக்கப்படுகின்றன. யொரூபா தொன்மத்தில் தெய்வம் மண்ணை உடலாக்குகிறது. இங்கு மனிதர் உடலை மண்ணாக்கித் தெய்வத்திடம் ஒப்படைக்கின்றனர்.

எனினும் நேர்த்திக்கடன் குணத்தை முன்வைத்தே நேரப்படுகிறது. குணமானவர் காணிக்கையுடன் வருகிறார். குணமாகாதவரின் குடும்பமோ வேண்டுதலில் என்ன தவறியது எனத் தேடத் தொடங்குகிறது. வினைக்கொள்கை முற்பிறவியில் வைத்த பழி, இங்கு இப்பிறவியின் சடங்குப் பிழையாக இடம்பெயர்கிறது. குணம் நாடிக் காத்திருக்கும் நிலை எங்குச் சென்று முடியக்கூடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் நேர்ந்த தீவிபத்து காட்டியது: மனநலக் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் அதில் இறந்தனர். பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. கண்மலர் காணிக்கை இன்றும் தொடர்கிறது.