காற்றில் மறைந்திருக்கும் நீர்: ஓர் இளம் வர்ணக் கலைஞருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டுக் கார் ஷெட்டிலேயே ஒரு கம்ப்ரஸரை வாங்கி வைத்து, வண்டிகளுக்கு வர்ணம் பூசும் தொழிலை நீ தொடங்கிவிட்டாய் என்று அறிந்து நான் அடைந்த மகிழ்ச்சி, கடிதத்தோடு நீ அனுப்பியிருந்த படத்தைக் கண்டதும் கவலையாக மாறிற்று. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கின்மேல், சித்திரை மாதத்தில் குழந்தையின் முதுகில் பூத்த வியர்க்குருபோலச் சிறு சிறு கொப்புளங்கள் எழும்பியிருப்பதைக் காட்டி, "பெயிண்டில்தான் கோளாறு, வேறு கம்பெனிக்கு மாறிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். மாற வேண்டாம். பெயிண்டின்மேல் குற்றமில்லை. உன் யந்திரம் அனுப்பும் காற்றோடு தண்ணீரும் வருகிறது. அதை நீ பார்க்கவில்லை.

நான் தொழில் பழகிய நாளில் எனக்கும் இதே துன்பம் நேர்ந்தது. ஐப்பசி மாதத்து அடைமழையில், சென்னையில் ஒரு ஒர்க் ஷாப்பில், மகள் கலியாணத்தை முன்னிட்டு ஒருவர் ஒப்படைத்திருந்த அம்பாஸடர் காரின் பானெட்டுக்கு நான் அடித்த கறுப்பு வர்ணம் அன்று கண்ணாடியாய் ஜொலித்தது. தை பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும் அதே பானெட் கொப்புளித்துத் திரும்பி வந்தது. புட்டியைக் குறை கூறினேன், தின்னரைக் குறை கூறினேன், பிரைமர் காயவில்லை என்றும் சாதித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த என் ஆசான், ஒரு முகக்கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து என் கையில் கொடுத்து, வர்ணம் ஊற்றாத வெறும் ஸ்ப்ரே கன்னை அதன்மேல் பிடித்து ஒரு நிமிஷம் காற்றை மட்டும் அடிக்கச் சொன்னார். கண்ணாடியில் ஊசிமுனைத் துளிகள் படர்ந்தன. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தக் கண்ணாடிப் பரீட்சையை இன்றுவரை ஒவ்வொரு வேலைக்கு முன்பும் நான் செய்துவருகிறேன், நீயும் செய். அந்தத் துளிகள்தாம் வர்ணப் படலத்தின் அடியில் சிறைப்பட்டு, வெயில் ஏறும்போது ஆவியாய் விரிந்து, படலத்தைத் தூக்குகின்றன. நீ உபயோகிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டிலோ, ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் தண்ணீரோடு கூடினால் கரியமில வாயுவையே உண்டாக்குமாதலால், கொப்புளம் எழ வெயில்கூட வேண்டியதில்லை.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டாயானால் பிறகு உனக்கு யாரும் உபதேசம் செய்யவேண்டியிராது. ஓரிடத்தில் எவ்வளவு நீராவி தங்கலாம் என்பதை நிர்ணயிப்பது அங்குள்ள உஷ்ணமேயன்றி, அங்கே எவ்வளவு காற்று அடைபட்டிருக்கிறது என்பதன்று என்ற உண்மையை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜான் டால்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி தெளிவாக்கினார். 30 டிகிரி உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் இடம் சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். சென்னை போன்ற கடலோர ஊரில், அந்த உஷ்ணத்தில் ஈரப்பதம் நூற்றுக்கு 80 இருக்கும் ஒரு நாளில், ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் 24 கிராமுக்குச் சற்று அதிகமான நீர் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கிறது. மீட்டரில் 7 கிலோ அழுத்தம் காட்டும்வரை உன் கம்ப்ரஸர் காற்றை அடைக்கும்போது, வெளிக்காற்றின் இயல்பான அழுத்தமும் அதனோடு கூடுவதால், 8 கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டருக்குள் ஒடுங்குகிறது. அதனோடு 8 பங்கு நீரும், அதாவது ஏறக்குறைய 195 கிராமும், அந்த ஒரே இடத்தில் வந்து சேர்கிறது. ஆனால் அந்த இடம் 30 டிகிரியில் தாங்கக்கூடியது 30 கிராம்தானே? எஞ்சிய 165 கிராம் எங்கே போகும்? தண்ணீராய் விழுந்தே தீரவேண்டும். நிமிஷத்துக்கு 200 லிட்டர் காற்றுத் தரும் 2 குதிரைச் சக்தி யந்திரம் ஒன்று இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஓடினால், கால் லிட்டர் தண்ணீரை அது காற்றிலிருந்து பிழிந்துவிடுகிறது. உலைக்களத்துத் துருத்திக்கு இந்த வில்லங்கம் இல்லாததற்குக் காரணம், அது காற்றைத் தள்ளுகிறதேயன்றி நெருக்குவதில்லை என்பதுதான்.

அந்தத் தண்ணீர் எப்போது விழுகிறது என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள். நெருக்கப்பட்ட காற்று சூடேறுகிறது. பம்ப் ஹெட்டிலிருந்து வெளிப்படும்போது கை வைக்க முடியாத கொதிப்பில் இருக்கிறது. அந்தக் கொதிப்பில் அத்தனை நீரும் ஆவியாகவே நிற்கும். கம்ப்ரஸர் டாங்கிலிருந்து வெளிவரும் காற்று இன்னும் 60 டிகிரி சூட்டில் இருப்பதாக வைத்துக்கொள். அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் 130 கிராம் நீராவியைத் தாங்கிவிடும். ஆகவே நீ டாங்கின் வாயிலேயே திருகி வைத்திருக்கும் அந்த ஃபில்டர், துளியாக விழுந்த 65 கிராமை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆவியாக இருக்கும் 130 கிராமையும் தாராளமாக வெளியே விட்டுவிடுகிறது. ஏனெனில் துளியைப் பிடிப்பது அதன் தொழிலேயன்றி ஆவியைப் பிடிப்பதன்று. அந்த ஆவி ரப்பர் ஹோஸில் போகும் வழியில் ஆறி, 100 கிராம் தண்ணீராகி, உன் கையிலுள்ள கன்னின் வாய்க்கே வந்து சேர்கிறது. விலையுயர்ந்த ஃபில்டர் வாங்கியும் தண்ணீர் வருகிறதே என்று நீ எழுதிய வரிக்கு இதுவே விடை. ஃபில்டர் நல்லதுதான்; அதை நீ வைத்த இடம் தவறு. முதலில் காற்றை ஆறவிடு; ஆறியபின் துளியைப் பிடி; இந்த வரிசை மாறக்கூடாது.

ஆறவிடுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது பம்ப் ஹெட்டுக்கும் டாங்குக்கும் நடுவே. அங்குள்ள குட்டையான குழாயைக் கழற்றிவிட்டு, அரை அங்குலச் செப்புக் குழாய் முப்பது, நாற்பது அடியைச் சுருளாக வளைத்து, ஒரு மின்விசிறியின் முன்னே நிறுத்தி, சுருளின் கீழ்முனை டாங்கின் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு வரும்படி அமைத்தால், தண்ணீரில் பெரும்பகுதி டாங்கிலேயே விழுந்துவிடும். பம்பின் அதிர்வு செப்பை நாளடைவில் இறுக்கி விரிசலிடச் செய்யுமாதலால், ஹெட்டை அடுத்து, அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்குமென்று குறிக்கப்பட்ட, உலோகப் பின்னலிட்ட வளையும் குழாய் ஒன்றைச் சேர்த்து, சுருளைக் கிளாம்பு போட்டுச் சட்டத்தில் பிணைத்துவிடு. புதுப்பேட்டைக்குப் போனால் பழைய ஏ.சி. கன்டென்சர் மலிவாகக் கிடைக்கும், அதையே மாட்டிவிடலாம் என்று உனக்கு யோசனை சொல்வார்கள். நான் சம்மதிக்கமாட்டேன். அதனுள் எத்தனை முறை கழுவினாலும் போகாத எண்ணெய் தங்கியிருக்கும். அந்த எண்ணெயின் ஓர் அணு வர்ணத்தில் விழுந்தாலும், அந்த இடத்தை விட்டு வர்ணம் வட்டமாக ஒதுங்கிக் குழி விழும்.

இரண்டாவது இடம், டாங்குக்கும் உன் கைக்கும் நடுவிலுள்ள சுவர். இட்லிப் பானையின் மூடியை நீ கவனித்திருப்பாய். ஆவி மூடியில் பட்டு நீராகிறது. மூடியின் சரிவு அதை ஓரத்துக்கு ஓட்டுகிறது. அந்த மூடி செய்யும் காரியத்தை உன் சுவரில் ஓடும் குழாய் செய்யவேண்டும். முக்கால் அங்குல ஜி.ஐ. குழாயை டாங்கிலிருந்து மேலே ஏற்றி, சுவரோடு இருபத்தைந்து முப்பது அடி ஓடவிடு; காற்று போகும் திசையிலேயே, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் தாழும்படி சரிவு கொடு; கடைசியில் செங்குத்தாகக் கீழிறக்கி, அடியில் ஒரு பால் வால்வு வை; திரளும் நீரெல்லாம் அங்கே வந்து நிற்கும். உனக்கு வேண்டிய காற்றை ஓடும் குழாயின் அடியிலிருந்து எடுக்காமல், டீயை மேல்நோக்கித் திருப்பி, அன்னத்தின் கழுத்துப்போல் வளைத்து இறக்கி எடு. அடியில் ஊரும் நீர் அந்தக் கழுத்தில் ஏற முடியாது. சுவர்க் குழாய் முடிந்து காற்று அறையின் உஷ்ணத்துக்கு வந்துவிட்ட அந்த இடத்தில்தான் ஃபில்டரும் ரெகுலேட்டரும் இருக்கவேண்டும். செலவுக்கு அஞ்சி, தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாயை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதே. வெயிலிலும் சூட்டிலும் நலிந்து, ஒருநாள் சொல்லாமல் வெடித்து, சில்லுகளாய்ப் பறக்கக்கூடியது அது. உன் வீட்டில் குழந்தைகள் ஓடி விளையாடும் இடமல்லவா?

டாங்கின் அடியில் விழுந்த தண்ணீரை அன்றாடம் வெளியேற்றுவது, சுவாமி அறையில் விளக்கேற்றுவதுபோல் தவறாத நியமமாக இருக்கட்டும். அடியிலுள்ள டிரெயின் காக்கைத் திருகக் குனியவேண்டியிருப்பதால்தான் எல்லோரும் அதை மறக்கிறார்கள். ஒரு எல்போவும் ஒரு முழக் குழாயும் சேர்த்து, பால் வால்வைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடு. இதை வர்ணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தேங்கும் நீர் டாங்கை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளே தகடு காகிதமாய் மெலிந்துகொண்டிருக்கும். அழுத்தப்பட்ட காற்று அந்தத் தகட்டைக் கிழிக்கும் நாளில் அது குண்டுக்குச் சமம். ஆகையால் பழைய டாங்கு வாங்கினால், தெரிந்தவரிடம் கொடுத்து, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதித்து வாங்கு; தண்ணீர் நெருக்கினாலும் சுருங்காத பொருளாதலால், தகடு விட்டுக்கொடுத்தாலும் அது கசியுமே தவிரச் சீறிப் பாயாது. சேஃப்டி வால்வின் வளையத்தை மாதமொருமுறை இழுத்துப் பார். அது சீறுகிறதே என்று ஒருவர் அதைக் கழற்றிவிட்டு பிளக் போட்டிருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த ஷெட்டுக்குள் அன்றே நான் கால் வைக்க மறுத்துவிட்டேன்.

யந்திரத்தைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. கோயம்புத்தூரில் எல்ஜி நிறுவனம் 1960இல் தோன்றிய காலந்தொட்டு, நல்ல கம்ப்ரஸருக்கு நாம் வெளிநாட்டை எதிர்பார்க்கவேண்டிய நிலை இல்லை. வாங்கும்போது பிஸ்டன் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்ற கணக்கைப் பாராமல், வெளியே எவ்வளவு தருகிறது என்ற கணக்கை மட்டும் பார். உன் கன் கேட்பதைவிடக் குறைவாகத் தரும் யந்திரம் மூச்சு விடாமல் ஓடும், ஓடினால் கொதிக்கும், கொதித்தால் நீர் ஆவியாகவே வெளியேறும் என்பதை மேலே கண்டோம். நிழலுள்ள, காற்றோட்டமான, பெயிண்ட் புகை எட்டாத மூலையில் அதை நிறுத்து. எர்த் இணைப்பு இல்லாமல் ஓட்டாதே. யந்திரம் தூரத்தில் இருக்கிறதென்று மெல்லிய ஒயரை நீட்டினால் மோட்டார் திணறிக் கருகும். நீட்டவேண்டியிருந்தால் காற்றுக் குழாயை நீட்டு, அது ஆறவும் உதவும். ஆயில் கண்ணாடியில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதிலும் தண்ணீர் கலந்துவிட்டதென்று அறிந்து, உடனே மாற்று.

ஆறிய காற்றிலும் கன மீட்டருக்கு 30 கிராம் ஆவி எஞ்சியிருக்கிறதே என்று நீ கேட்பாய். அழுத்தம் தளர்ந்து வெளியே வரும்போது அது எட்டு மடங்கு இடத்தில் பரவிவிடுமாதலால், சாதாரண வேலைக்கு அதனால் தீங்கில்லை. மழைக்காலத்துக்கும் உயர்ந்த வேலைக்கும் ஸிலிகா ஜெல் நிரப்பிய டிரையரை ஃபில்டருக்குப் பின்னே வை. அரைக் கிலோ ஜெல், நூறு கிராம் நீரைப் பிடிப்பதாகக் கொண்டால், மேலே சொன்ன யந்திரம் இடைவிடாமல் தரும் சூடான காற்றில் அரை மணியில் செத்துப்போகும். ஆறிய காற்றில் இரண்டு மணிக்கு மேல் உழைக்கும். ஈரமான ஜெல்லைச் சுமார் 120 டிகிரியில் உலர்த்தினால் மீண்டும் உயிர் பெறும். நீல நிறம் ரோஜா நிறமாக மாறும் ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால், ஆரஞ்சு நிறமுள்ளதையே கேட்டு வாங்கு. எதுவாயினும் சமையலுக்குப் புழங்கும் அடுப்பிலோ பாத்திரத்திலோ அதைச் சேர்க்காதே. ஸ்பானர் முதலிய காற்றுக் கருவிகளுக்காக எண்ணெய் சொட்டும் லூப்ரிகேட்டர் வைத்த ஹோஸ், வர்ண வேலைக்கு என்றென்றும் ஆகாது.

இன்னொன்று. டக்கோ என்று இன்றும் நம் பட்டறைகளில் வழங்கும் நைட்ரோ செல்லுலோஸ் வர்ணத்தை மழை நாளில் அடித்தால், படலம் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துப்போகும். அதற்கும் கம்ப்ரஸரையே நோகாதே. தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகட்டைக் குளிர்வித்துவிடுகிறது. அந்தக் குளிர்ச்சியில் அறையிலுள்ள ஈரம் பனியாய்ப் படிகிறது. நிதானமாக உலரும் ரிடார்டர் தின்னரைச் சேர்ப்பதோ, வெயிலுக்குக் காத்திருப்பதோதான் அதற்குப் பரிகாரம். ஆயிரம் ஃபில்டர் வைத்தாலும் அது போகாது.

ஐசோசயனேட் என்று மேலே ஒரு பெயரை எழுதினேன். அது நுரையீரலுக்குப் பகை. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு அணுவளவு மூச்சில் பட்டாலும் ஆஸ்துமாவாக இழுக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நீ அடிப்பதாக உன் தாயார் சொன்னார்கள். தம்பி, துணி அதைத் தடுக்காது. சுத்தமான காற்றைத் தனிக் குழாயில் கொண்டுவந்து தரும் முகமூடி கிடைக்கும்வரை பியூ பெயிண்டைத் தொடாமல் வேறு வர்ணத்தில் வேலை செய். வருமானம் குறைந்தால் குறையட்டும். உன் கம்ப்ரஸர் காற்றையே மூச்சுக்கு இழுத்துக்கொள்ளலாம் என்றும் எண்ணாதே. அதில் எண்ணெய்ப் புகை கலந்திருக்கும்.

இக்கடிதம் கிடைத்த அன்று மாலையே, செப்புக் குழாய் வாங்கக் கடைக்குப் போகுமுன், மோட்டாரை நிறுத்தி, மீட்டர் அரைக் கிலோவுக்குக் கீழே இறங்கும்வரை காற்றை விட்டுவிட்டு, டாங்கின் அடியில் ஒரு பாத்திரத்தைப் பிடித்து, டிரெயின் காக்கை மெல்லத் திற. முதலில் துருவேறிய செந்நீர் வரும், பயப்படாதே. முழுவதும் வடிந்தபின் அளந்து பார்த்து, எத்தனை நாள் நீர் அது, எவ்வளவு இருந்தது, அன்று மழையா வெயிலா என்பதையெல்லாம் எனக்கு எழுது. உன் சுவரில் இருபத்தைந்து அடி குழாய் போதுமா, முப்பது வேண்டுமா என்பதை அதைக் கொண்டு கணக்கிட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்